பெயின்ட் கடைசியில்

முதன்முதலாகக் கியர் வண்டி வாங்கப் போகிறவருக்கு ஊரே சொல்லும் புத்தி ஒன்றுதான். புதுசாக ஒரு 125 சிசி எடுங்கள், இரண்டு வருடம் ஓட்டிக் கை பழகட்டும், பழைய வண்டி ஆசையெல்லாம் அப்புறம். நியாயமான புத்திதான். பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகும், பிரேக் பிடித்தால் நிற்கும், கெட்டுப்போனால் சர்வீஸ் சென்டர் இருக்கிறது. வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும் என்கிறவர்கள் இதைத் தாராளமாகக் கேட்கலாம்.

எனக்கு வேலைக்குப் போக ஸ்கூட்டி இருந்தது. கல்லூரி நாளிலிருந்து அதைத்தான் ஓட்டினேன். அது எப்படி ஓடுகிறது என்று தெரியாது; மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. தெருவுக்குத் தெரு லேத் பட்டறையும் பம்ப்செட் கம்பெனியும் இருக்கிற கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்துவிட்டு, ஒரு இன்ஜினைக்கூடத் திறந்து பார்த்ததில்லையே என்று ரொம்ப நாளாக உறுத்தல். அதனால் முதல் கியர் வண்டியாக ஒரு பழைய யெஸ்டி 250-ஐ, ஓடாத நிலையிலேயே வாங்கினேன். எண்பதுகளில் மைசூரில் செய்தது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

பலரும் புல்லட் எடுக்கச் சொன்னார்கள். ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும், விற்றாலும் விலை போகும் என்றார்கள். உண்மைதான். ஆனால் புதிதாகக் கழற்றிப் பூட்டப் பழகுகிறவருக்குப் புல்லட் கொஞ்சம் பெரிய பாடம். வால்வு, ராக்கர், புஷ்ராட், கேம், ஆயில் பம்ப் என்று ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய சாமான்கள் நிறைய. டூ-ஸ்ட்ரோக் யெஸ்டியில் இவை எதுவும் கிடையாது. எரிந்த பெட்ரோலைச் சுழற்சியாக மாற்றும் வேலையில் அசைகிற சாமான்கள் மூன்றுதான்: ஏறி இறங்கும் பிஸ்டன், அதைச் சுழற்சியாக்கும் கிராங்க், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட். வால்வு செய்ய வேண்டிய வேலையைச் சிலிண்டர் சுவரில் இருக்கும் துவாரங்கள் பார்த்துக்கொள்கின்றன. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே அவற்றைத் திறந்து மூடிவிடுகிறது. ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. ஒரு மத்தியானத்தில் முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய இன்ஜின் இது. அந்தப் புரிதல்தான் எனக்கு வேண்டியிருந்தது.

இன்ஜினின் வரைபடம் வண்டியைவிட மூத்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா கம்பெனி 1954-ல் கொண்டுவந்த 353 மாடல்தான் இதன் மூலம். ஃபரோக் இரானியின் ஐடியல் ஜாவா 1961-ல் மைசூர் யாதவகிரியில் அதைச் செய்ய ஆரம்பித்தது. எழுபதுகளில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. பெயர் மாறியும் சிலிண்டரின் 65 மில்லிமீட்டர் விட்டமும் பிஸ்டனின் 75 மில்லிமீட்டர் ஓட்டமும் மாறவில்லை. எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டணியில் 100 சிசி வண்டிகள் வரிசையாக இறங்கின: இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ். லிட்டருக்கு 30 கிடைத்தாலே சந்தோஷப்பட வேண்டிய யெஸ்டியால் அவற்றோடு எப்படிப் போட்டி போட முடியும்? 1996-ல் தொழிற்சாலையை மூடினார்கள். இவ்வளவு காலம் பெரிதாக மாறாமல் ஓடியதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. ஒரு வருடத்து வண்டியின் சாமான் இன்னொரு வருடத்து வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்திவிடும்.

சரி, வண்டி பார்க்கப் போகிறீர்கள். எல்லோரும் முதலில் இன்ஜினைப் பார்ப்பார்கள், அடுத்து டேங்கில் குரோம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது ஆர்சி புத்தகத்தை. பிஸ்டன் போயிருந்தால் லேத்தில் போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் குடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். ஆர்சி போயிருந்தால் எந்தப் பட்டறையிலும் போட முடியாது. சேஸிஸ் நம்பரின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, வருகிற எண்ணைப் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். இன்ஜின் நம்பருக்கும் அப்படியே. பழைய வண்டிகளில் ஒன்றின் இன்ஜின் இன்னொன்றின் சேஸிஸில் உட்கார்ந்திருப்பது சகஜம். விற்கிறவர் பெயரில் ஆர்சி இருக்கிறதா, அவர் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடுவாரா என்பது அடுத்த கேள்வி. புத்தகத்தில் இருப்பவர் காலமாகி, வாரிசுகள் நாலு ஊரில் இருந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அப்படி ஒரு யெஸ்டி ரோட்கிங்கை விட்டுவிட்டு வந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை, ஆனால் விட்டது சரிதான்.

பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயிலிருந்து 1000 ஆனது. 2025-ல் 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. 50 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு 2021 முதல் விஏ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. அது கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கிறவர்களுக்கானது. தினசரி ஓட்ட நினைக்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இன்னொன்று, ஸ்கூட்டி ஓட்டுகிற நிறையப் பேருக்கு இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ்தான். எனக்கும் அப்படித்தான். எல்எல்ஆர் எடுத்து, நண்பரின் சாதாரண 100 சிசியில் எட்டுப் போட்டுத்தான் கியர் வண்டியைச் சேர்த்தேன்.

என் வண்டி கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு அரிசி மில் குடோனில், சாக்குகளுக்குப் பின்னால் பல வருடமாக நின்றது. புத்தகம் சுத்தமாக இருந்தது. வண்டியைச் சுத்தம் என்று சொல்ல முடியாது. பின் டயரில் செய்த தேதிக்கான எண் மூன்று இலக்கம்தான். வாரமும் வருடமுமாக நான்கு இலக்கம் போடுகிற வழக்கம் 2000-த்தில் வந்தது. அதாவது அந்த டயர் போன நூற்றாண்டுச் சரக்கு.

இங்கே ஒன்றை முடிவு செய்தேன். வண்டியை ஓடவைப்பது ஒரு வேலை, புதுசுபோல் ஆக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறவர்களின் வண்டி பெரும்பாலும் சாக்குப் பைகளில் சாமானாகவே தங்கிவிடுகிறது. கையில் இருக்கும் காசு முதலில் பெயின்டுக்கும் குரோமுக்கும் போய்விடும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். அப்புறம் கிராங்க் வேலைக்குப் பணம் இருக்காது. நான் வைத்துக்கொண்ட வரிசை: காகிதம், பிரேக், டயர், இன்ஜின், மின்சாரம். பெயின்ட் கடைசியில், அதுவும் மிச்சம் இருந்தால்.

பிரேக் வேலை சுவாரசியமானது இல்லை, அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஷூக்களைக் கழற்றிப் புது லைனிங் ஒட்டக் கொடுத்தேன், டிரம்மின் உட்பக்கத்தை லேத்தில் லேசாகச் சீவிச் சமப்படுத்தினேன், கேபிள்கள் எல்லாம் புதுசு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசி தட்டுகிற பழக்கம் நம் பட்டறைகளில் எங்கும் உண்டு. ஈரத் துணியால் துடையுங்கள். எல்லாம் புதுசாக்கிய பிறகும் இது டிஸ்க் பிரேக்கைப்போல் நிற்காது. முன்னால் போகும் வண்டிக்கு ஒரு பஸ் நீளம் கூடுதலாக இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இன்ஜினுக்கு வருவோம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக். ஜாவாவும் யெஸ்டியும் தவிர வேறு வண்டியைத் தொட மாட்டார். வேலையை அவரிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னால் ஒரு தொகை, நானே செய்ய அவர் பக்கத்தில் நிற்பதென்றால் அதைவிடக் கூடுதல் தொகை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "நீங்க செஞ்சதை நான் மறுக்கா செய்யோணுமில்லைங்க அம்மணி" என்று விளக்கமும் தந்தார். சரி என்றேன்.

கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்து, புது பிளக் போட்டுக் கிக்கரை மிதித்ததும் வண்டி கிளம்பிவிட்டது. இந்த வண்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். லீவரை இன்ஜின் பக்கமாக உள்ளே தள்ளிப் பின்னால் தூக்கினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் முன்னால் சாய்த்தால் கியர். முதல் முறை பார்ப்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கிளம்பிய வண்டி, பட்டறை முழுவதையும் வெள்ளைப் புகையால் நிரப்பியது. நிற்கவே இல்லை.

பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் கூடிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. "பொகைய மோந்து பாரு கண்ணு" என்று பக்கத்தில் நின்ற பையனிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மெக்கானிக் என்னைப் பார்த்துச் சொன்னார்: "2டி ஆயிலு வாசம் வேற அம்மணி. இது கியர் ஆயில் கருகுற வாசம்."

காரணம் இது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் நேராகச் சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கீழே கிராங்க் சுற்றுகிற அறைக்குள் இழுக்கப்பட்டு, பிஸ்டன் இறங்கும்போது அங்கே அமுங்கி, பக்கத்து வழியாக மேலே ஏறுகிறது. ஆகவே அந்த அறை காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். கிராங்கின் இரண்டு முனைகளும் அறையை விட்டு வெளியே வரும் இடங்களில் ரப்பர் சீல் இருப்பது அதற்காகத்தான். யெஸ்டியில் இடது பக்கம் கிளட்சும் பிரைமரி செயினும் கியர்பாக்ஸோடு சேர்ந்து ஒரே ஆயிலில் கிடக்கின்றன. அந்தப் பக்கத்துச் சீல் காய்ந்து போனால் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கும்: வெள்ளைப் புகை, கியர்பாக்ஸில் குறைந்துகொண்டே வரும் ஆயில். வலது பக்கம் டைனமோ இருக்கும் காய்ந்த அறை. அங்கே சீல் போனால் புகை வராது, காற்று புகும். கலவையில் பெட்ரோல் அளவு குறைந்து, ஐடிலிங் தானாக ஏறும், சூடு கூடும், ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிகிற புகையைவிட, தெரியாத இந்தக் காற்றுதான் ஆபத்து.

சீல் மாற்ற இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த பிறகு கிராங்கைச் சும்மா விடக் கூடாது. கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் போயிருந்தது. கிராங்கை அழுத்திப் பிரித்து, புது ராட் கிட் போட்டு, மறுபடி அழுத்திச் சேர்த்து, இரண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் சுற்றுகிறதா என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். இதை வீட்டில் செய்ய முடியாது. கோயம்புத்தூர்க்காரி என்பதில் முதன்முறையாகப் பெருமைப்பட்டது இங்கேதான். கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், காலையில் கொடுத்த கிராங்கைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார்கள். சிலிண்டரையும் 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் போர் அடித்துத் தந்தார்கள். அந்தப் பட்டறையில் நின்று வேலையைப் பார்த்த அரை நாள், இந்த முழுக்கதையில் எனக்குப் பிடித்த நாள்.

மூடுவதற்கு முன் சீல் பிடிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரஷர் பார்க்க வேண்டும். 6 பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் ஏற்றினால் சீல் பிதுங்கிவிடும். டயர் கேஜில் இவ்வளவு சின்ன அழுத்தத்தைப் படிக்க முடியாது. வீட்டில் அப்பாவுக்குப் பிபி பார்க்கிற, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் பழைய கருவி இருந்தது. அதில் 300 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. கார்புரேட்டர் வாயையும், ஒரே சிலிண்டரிலிருந்து கிளம்பும் இரண்டு சைலன்சர் வாய்களையும் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் ஓட்டையில் குழாயைப் பொருத்தி ஏற்றினேன். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கியது. சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தால் சீலில் குமிழி இல்லை. சிலிண்டர் உட்காரும் பேஸ் கேஸ்கெட் ஓரத்தில் வந்தது. அதை மாற்றியதும் நின்றது. மெக்கானிக் இத்தனை வருடமும் இதைக் காதாலும் மூக்காலும் செய்துகொண்டிருந்தவர். பிபி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு வேறு ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்லி அதைத் தானே வைத்துக்கொண்டார்.

டேங்க் துரு தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி இரண்டு நாள் விட்டால் துரு கழன்றுவிடும். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி உடனே காயவைத்து, உள்ளே ஆயிலைச் சுழற்றிவிட வேண்டும். உடனே என்பது முக்கியம், இல்லையென்றால் ஒரு ராத்திரியில் புதுத் துரு வந்துவிடும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். எரிய அதற்குக் காற்று குறைவாகவே போதும் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைப் பழையதாகவே வைத்து ஓட்டினால் கலவையில் காற்று மிஞ்சிப்போய்ச் சூடு ஏறும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கி, பெட்ரோல் டியூபை மாற்றி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். வெளிறி இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரியாக இருந்தால் கூடுதல், காப்பித்தூள் நிறம் சரி. லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன்.

அப்புறம் ஓட்டுவது. கற்றுக்கொள்ள யெஸ்டி நல்ல வண்டியா என்றால், நான் நினைத்ததைவிட நல்ல வண்டி. கீழ் வேகத்திலேயே இழுவை இருப்பதால் கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டாலும் அணைந்துவிடுவதில்லை. இன்னொரு வசதியும் உண்டு: கியர் லீவரை மிதிக்கும்போதே உள்ளே இருக்கும் ஏற்பாடு கிளட்சைத் தானாக விடுவித்துவிடும். ஓடும்போது கைக் கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்றலாம். "அதைப் பழகிட்டீங்கன்னா வேற வண்டிய ஓட்ட முடியாது, கையவே பிடிங்க" என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டேன். சிக்னலில் களைத்துப்போன நாட்களில் மட்டும் கேட்பதில்லை.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுகிற 27 கொண்டை ஊசி வளைவுகளை யெஸ்டி அநாயாசமாக ஏறியது. இறங்குவதற்குத்தான் புத்தி வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை மூடினால் இன்ஜின் வண்டியைப் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது. அதோடு, ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால், ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் நீளமாக இறங்கினால் வேகமாகச் சுற்றுகிற பிஸ்டனுக்கு ஆயிலும் கிடைக்காது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விட வேண்டும். ஏற்கெனவே சுமாரான டிரம் பிரேக் சூடாகி இன்னும் வலுவிழக்கும், எனவே நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். லாரிக்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும்.

பழைய வண்டிக்காரர்களுடன் எனக்கு ஒரே தகராறு, மின்சாரம். யெஸ்டியின் 6 வோல்ட் டைனமோ கொடுக்கிற வெளிச்சத்தில் எதிரே வருகிறவருக்கு நாம் இருப்பதே தெரியாது. பாயிண்டையும் டைமிங்கையும் வைக்கக் கற்றுக்கொள்ளும் வரை அதை வைத்திருந்தேன். கற்றதும் எடுத்துவிட்டு, 12 வோல்ட் ஆல்டர்னேட்டரும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் போட்டேன். ஒரிஜினலைக் கெடுத்துவிட்டதாகப் பேச்சு. டேங்கில் பாதி உதிர்ந்த பழைய பெயின்டையும், தூரிகையால் இழுத்த தங்கக் கோட்டையும் அப்படியே விட்டிருக்கிறேன், துரு பரவாமல் மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு மட்டும் அடித்திருக்கிறேன் என்று சொன்னால் அதுவும் பிடிக்கவில்லை. மெரூனில் புதுசாக அடிக்க வேண்டுமாம். ராத்திரியில் தெரிவதும் மழையில் அணையாமல் இருப்பதும் புதிதாக ஓட்டுகிறவருக்கு அவசியம். பெயின்ட் யாருக்கும் அவசியமில்லை.

கழற்றிய டைனமோ நல்ல நிலையில் இருந்தது. ஒரிஜினல் தேடிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன். அந்தக் காசில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். அம்மா இப்போது பின்னால் உட்கார ஒத்துக்கொள்கிறார். சைலன்சர் சத்தம்தான் இன்னும் பிடிக்கவில்லையாம்.